நாற்பத்தேழாவது வரி

12 நவம்பர் 2024

வேதியியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அம்மா இதைத் திறக்க மாட்டாள். அவள் தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது. எழுதினால்தான் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று எனக்கே விளங்குகிறது.

அப்பாவின் கப்பல் லாத்வியாவில் ஒரு துறைமுகத்தில் நின்று ஏழு மாதம் ஆகிறது. முதலாளி கைவிட்டுவிட்டான். கப்பலை ஆளில்லாமல் விடக் கூடாது என்று ஐந்து பேரை இறங்கவிடாமல் வைத்திருக்கிறார்கள். அப்பா அதில் சமையல்காரர். சமைக்கத்தான் ஒன்றும் இல்லை. அங்குள்ள மாலுமிகள் சங்கம் உருளைக்கிழங்கும் ரொட்டியும் கொடுக்கிறது.

இதை ஆவணப்படமாக எடுக்கிறார்கள். மூன்று நாட்டுக்காரர்கள் சேர்ந்து. லாத்வியாவின் ஆன்ட்ரிஸ் கப்பலில் ஏறி எடுக்கிறார். எஸ்தோனியாவின் காத்ரி இங்கே வந்து எங்கள் வீட்டையும் தெருவையும் எடுத்துப் போனார். லித்துவேனியாவில் ராசா அதை வெட்டி ஒட்டுகிறார். மூன்றும் சின்ன நாடுகள், தனியாக ஒரு படம் எடுக்கக் கட்டுப்படியாகாது, அதனால் கூட்டு என்று காத்ரி சொன்னார்.

ராசா பொம்பளை என்றதும் அம்மா சிரித்தாள். "பொம்பளைக்குப் பேரு ராசாவா? அப்ப அவ புருசன் ராணியாளா?" ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

ராசாவுக்கு அங்கே படிக்கும் ஒரு சென்னைப் பெண்தான் முதலில் தமிழ் பார்த்துக் கொடுத்தாளாம். அப்பா பேசுவது அவளுக்குப் பாதி புரியவில்லையாம். அதனால் நான். துண்டு துண்டாக போனுக்கு வருகிறது. வரி எண் போட்டு இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டும்.

இன்று இருபதாவது வரி வரை முடித்தேன்.

15 நவம்பர்

பாலகணேஷ் அண்ணாச்சி வந்தார். அப்பாவை அந்தக் கப்பலில் ஏற்றிவிட்ட ஏஜெண்ட். அம்மா காப்பி போட்டாள்.

"என்ன தங்கச்சி, வெள்ளைக்காரி கேமராவத் தூக்கிட்டு வந்தாளாமே. வரட்டும். நம்ம தெருவ உலகம் பாக்கட்டும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் இருந்தார். "ஆவுடையப்பன் கஷ்டத்தச் சொல்லட்டும். அழட்டும். தப்பே கிடையாது. எவன் ஏத்திவிட்டான்னு என் பேரு மட்டும் வந்துச்சின்னு வையி, அவன் இறங்குததுக்குக் கையெழுத்துப் போடுற ஆளு எனக்கு வேண்டப்பட்டவன். பாத்துக்கோ."

 அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பாதான் இங்கிலீஷ்ல எழுதுதாளாம்லா. நல்லாப் படிக்கியா?"

"படிக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

16 நவம்பர்

நாற்பத்தேழாவது வரி. அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சொல்கிறார். "அண்ணாச்சிதான் ஏத்திவிட்டாரு. துபாய்னு சொன்னாரு. காயிதம் அம்புட்டும் அண்ணாச்சி கையிலதான் கெடக்கு."

அப்பா பெயர் சொல்லவில்லை. ஆனால் எந்த அண்ணாச்சி என்று எனக்குத் தெரியும். ஏஜெண்ட் என்று எழுதினால் காத்ரி நேராகக் கேட்பார், யார், பெயர் என்ன என்று. நான் "எல்டர் பிரதர்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

17 நவம்பர்

எழுத்துக்கு எழுத்து சரிதான். அகராதியிலும் பார்த்தேன்.

24 நவம்பர்

ஞாயிறு. ஆத்தூரிலிருந்து பெரியப்பா அரிசியோடு வந்தார். அப்பாவுக்கு ஒரே அண்ணன். பெயர் மந்திரமூர்த்தி. அங்கே பலசரக்குக் கடை. கப்பல் நின்ற நாளிலிருந்து எல்லா ஞாயிறும் பஸ்ஸில் வருகிறார். சட்டையில் மிளகாய் வத்தல் வாசனை அடிக்கும்.

காத்ரி கடையையும் எடுத்திருந்தார். அதைப் பற்றியே பேச்சு. "அந்தப் பிள்ள என் தராச மட்டும் அரைமணி நேரம் எடுத்துச்சு பாத்துக்கோ. எடைக்கல்ல சோதிக்க வந்த ஆபீசரம்மாவோன்னு எனக்கு வேர்த்துப்போச்சு."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

10 டிசம்பர்

மழை. பள்ளி இல்லை. வரிகள் முடிந்தன, மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. ராசா நன்றி எழுதியிருந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

29 டிசம்பர்

பெரியப்பா போனை நீட்டினார். "அந்தப் படக்காரங்க என்னமோ லெட்டர் அனுப்பிருக்காங்க. என்னன்னு பாரு பிள்ள."

இங்கிலீஷில் ஒரு பக்கக் கடிதம். கீழே மூன்று கையெழுத்து. தன்னை இந்தக் கப்பலில் ஏற்றிவிட்டவர் தன் அண்ணன் என்றும், காகிதங்கள் அவரிடம் இருக்கின்றன என்றும் உங்கள் தம்பி சொல்கிறார். இது சரியா? யாரைப் பற்றிக் குறை வந்தாலும் அவரிடம் பதில் கேட்காமல் நாங்கள் மூவரும் படத்தைக் காட்டுவதில்லை.

இரண்டு முறை படித்தேன். அம்மா குழம்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னளா எழுதிருக்கு?"

"கடைய எடுத்தத படத்துல போடலாமான்னு கேக்காங்க பெரியப்பா."

"அட! இதுக்குப் போயி லெட்டரா? மரியாத தெரிஞ்ச ஆளுங்க. ஆமான்னு போடு."

அவர் போனிலேயே, அவர் பக்கத்தில் உட்கார்ந்தே, ஆமாம் என்று இங்கிலீஷில் அடித்து அனுப்பினேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

30 டிசம்பர்

என்ன செய்தேன் — என்ன செய்தேன் நான்.

3 ஜனவரி 2025

ராசா எழுதியிருக்கிறார். படத்தின் முதல் வடிவத்தைப் பிப்ரவரியில் எஸ்தோனியாவின் தாலினில் காட்டுகிறார்கள். பால்டிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாரும் வருகிறார்களாம். அதற்கு முன்னால், அப்பாவை இறக்கக் கேட்கும் மனுவோடு நாற்பத்தேழாவது வரியையும் பெரியப்பாவின் பதிலையும் சங்கம் சேர்க்கப்போகிறது. இங்குள்ள அரசாங்கத்துக்கும் ஒரு நகல் வரும்.

மனுவில் ஏற்றிவிட்டவர் பெயர்: மந்திரமூர்த்தி, ஆத்தூர்.

"உனக்கு இது கஷ்டமாக இருக்கும், உன் சொந்தப் பெரியப்பா அல்லவா" என்று எழுதியிருக்கிறார். அவர்கள் எனக்காக வருத்தப்படுகிறார்கள்.

5 ஜனவரி

பெரியப்பா வந்தார். அரிசி. எனக்கு மட்டும் தனியாகக் கடலைமிட்டாய். "ஏன் பிள்ள முகம் இப்பிடிக் கெடக்கு? காய்ச்சலா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

சாப்பிட்டேன்.  அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

7 ஜனவரி

மொட்டைமாடிக்குப் போய், துணி காயப்போடுகிற சாக்கில், ராசாவுக்குக் குரலில் அனுப்பினேன். எழுத வரவில்லை. அண்ணாச்சி என்றால் அண்ணன் இல்லை, தெரிந்தேதான் அப்படிப் போட்டேன், ஆமாம் என்று அடித்ததும் நான், பெரியப்பாவுக்கு எதுவுமே தெரியாது, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், நீங்களே மாற்றிவிடுங்கள், மற்ற இருவருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். நடுவில் என் இங்கிலீஷ் போய்விட்டது. கடைசியில் தமிழிலேயே பேசியிருக்கிறேன் போல.

ஒரு மணி நேரத்தில் பதில். அப்படி முடியாதாம். ஒரே கோப்பு. யார் ஒரு வரியைத் தொட்டாலும் மற்ற இருவரும் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அப்படித்தான் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள். மனுவை நிறுத்திவைக்கச் சங்கத்திடம் சொல்லிவிட்டாராம். திட்டவில்லை. "தவறு உன்னுடையது மட்டும் இல்லை. ஒரு பள்ளி மாணவியிடம் இதைக் கொடுத்தது நாங்கள்" என்று இருந்தது.

திட்டியிருக்கலாம்.

9 ஜனவரி

ஆன்ட்ரிஸ் மறுபடி கப்பலில் ஏறி, அந்தச் சென்னைப் பெண்ணைப் போனில் வைத்துக்கொண்டு, அப்பாவிடமே கேட்டிருக்கிறார். அந்தத் துண்டு எனக்கும் வந்தது. அப்பா இரண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். பேசும்போது வாயிலிருந்து புகை வருகிறது. பின்னால் தண்ணீரில் ஐஸ் மிதக்கிறது.

"என் அண்ணனா? யாரு சொன்னா? அண்ணாச்சின்னா அண்ணன் இல்ல சார். கடைக்காரரும் அண்ணாச்சிதான், பஸ் கண்டக்டரும் அண்ணாச்சிதான். மரியாதைக்குச் சொல்லுதது. இந்தாளு பேரு பாலகணேஷ். எழுதிக்கிடுங்க, பா-ல-க-ணே-ஷ்."

அப்புறம் கேமராவைப் பார்த்துக் கேட்டார்.

"செல்வி, அவன் வீட்டுக்கு வந்தானா? பயந்துட்டியா பிள்ள?"

மொழிபெயர்க்க எனக்கு அனுப்பவில்லை. சும்மா பார்க்கத்தான் அனுப்பினார்கள். மூன்று முறை பார்த்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன்.

இனி பாலகணேஷுக்கும் அதே மாதிரிக் கடிதம் போகும். அதுதான் அவர்கள் முறை.

12 ஜனவரி

பெரியப்பாவிடம் சொன்னேன். அம்மாவும் இருந்தாள். கடிதத்தை வரிவரியாகத் தமிழில் வாசித்தேன், அன்றைக்கு வாசித்திருக்க வேண்டிய மாதிரி.

"அந்த ஆமா, இந்தக் கேள்விக்கா போச்சு?" என்று கேட்டார்.

"ஆமா பெரியப்பா."

அம்மா என்னை அடித்தாள். ஒரே ஒரு அடி. பெரியப்பா அவள் கையைப் பிடிக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அரிசி மூட்டையின் வாயைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"அவன் போக மாட்டேன்னுதான் சொன்னான்" என்றார். "கப்பல் பழசா இருக்கு, ஆளு சரியில்லன்னு எங்கிட்டதான் வந்து சொன்னான். பிள்ள காலேசு படிக்கணும், யோசிக்காதல, போயிட்டு வாலன்னு சொன்னது நான்தான். பாலகணேஷ் ஏத்திவிட்டான். தள்ளிவிட்டது நான். நீ போட்ட ஆமா முழுப்பொய் இல்லளா."

பிறகு, "இதையும் அவங்ககிட்டச் சொல்லு. நான் பேசுதேன், நீ போன்ல எடு. என் வாயால சொன்னதா இருக்கட்டும்" என்றார்.

எடுத்தேன். ஒன்றரை நிமிடம். நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் விழுந்திருக்கிறது.

சாப்பிடாமல் போய்விட்டார்.

14 ஜனவரி

பொங்கல். வைத்தோம்.

18 ஜனவரி

பாலகணேஷ் வந்தார். கையில் கடிதத்தை அச்சடித்து வைத்திருந்தார். வாசலிலேயே நின்றார், செருப்பைக் கழற்றவில்லை.

"எவ சொன்னா? இந்தச் சின்னக்கழுதயா?"

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.  அம்மா வெளியே போனாள்.

"லெட்டர் உங்க பேருக்குத்தான் வந்திருக்கு. பதிலையும் நீங்கதான எழுதணும்?"

"எழுதுதேன். அவன் எப்பிடி எறங்குதான்னும் பாக்கேன்."

"பாருங்க."

பைக் போன பிறகும் அம்மா ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்தபோது அவள் கை ஈரமாக இருந்தது. என் கையில் துடைத்தாள்.

26 ஜனவரி

பெரியப்பா வரவில்லை. அரிசி மட்டும் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருந்தார். போன ஞாயிறும் அப்படித்தான்.

13 பிப்ரவரி

நேற்று தாலினில் காட்டினார்கள். நாற்பத்தேழாவது வரியில் "அண்ணாச்சி" என்றே விட்டிருக்கிறார்கள், அவர்கள் எழுத்தில். மூன்று பேரும் இரண்டு மணி நேரம் பேசி அப்படி முடிவு செய்தார்களாம். அதற்கு அடுத்துத்தான் அப்பா பெயர் சொல்லும் துண்டு. பாலகணேஷ் பதில் எழுதவில்லை. கேட்டோம், பதில் வரவில்லை என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். பெரியப்பா பேசியதும் இருக்கிறது, குக்கரோடு.

பின்லாந்தும் போலந்தும் வாங்கிக்கொள்கிறார்களாம். திருத்திய மனுவைச் சங்கம் போன மாதமே கொடுத்துவிட்டது, அப்பாவைப் பற்றித் தகவல் இல்லை.

20 பிப்ரவரி

தகவல் இல்லை. பள்ளிக்குப் போகும் வழியில் பாலகணேஷின் பைக் நிற்கிறது. வேறு தெருவாகப் போகிறேன்.

5 மார்ச்

இங்கிலீஷ் பரீட்சை நாளைக்கு மறுநாள் என்று தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாளை.

மனுவின் நகல் இங்கே வந்துவிட்டது போல. போலீஸ் வந்து பாலகணேஷைப் பற்றி அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். நல்லபடியாகத்தான் கேட்டார்கள். தெரு முழுக்கப் பார்த்தது.

15 மார்ச்

அப்பா இறங்கிவிட்டார். கப்பலுக்குத் துறைமுகமே காவல் போட்டுவிட்டது. கையெழுத்துப் போடுகிற ஆள் யார் என்று ஆன்ட்ரிஸிடம் கேட்டேன். துறைமுக அதிகாரி ஒரு அம்மாவாம். பாலகணேஷ் என்ற பெயரையே அந்த அம்மா சங்கத்தின் மனுவில்தான் முதன்முதலாகப் பார்த்தாராம்.

அவருக்கு வேண்டப்பட்ட ஆள் என்று ஒருவன் இருந்ததே இல்லை. நான் யாருக்குப் பயந்து எழுதினேன்?

23 மார்ச்

அப்பா காலை ரயிலில் வந்தார். மெலிந்திருக்கிறார். மின்விசிறியை அணைக்கச் சொன்னார். வியர்த்துக்கொண்டே தூங்குகிறார். பெரியப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை.

30 மார்ச்

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஆத்தூர் போனார். கடையில் கூட்டம். பெரியப்பா எங்களைப் பார்த்தும் பருப்பு நிறுத்துக்கொண்டே இருந்தார். அப்பா உள்ளே போய்ப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் ஒருவர் நிறுக்க ஒருவர் கட்டினார்கள்.

கூட்டம் குறைந்ததும் பெரியப்பா சொன்னார். "படத்துல நான் பேசுனதப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ம்."

"அதெல்லாம் எதுக்குண்ணே" என்றார் அப்பா.

பெரியப்பா என்னிடம் நேராக எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது, "பிள்ளைக்கு என்ன வேணுமாம்?" என்று அப்பாவிடம் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன், அப்பாவிடம்.

9 ஏப்ரல்

ராசா கேட்டிருக்கிறார். கடைசி வடிவம் முடிகிறது, படத்தின் முடிவில் மொழிபெயர்த்தவர்கள் பெயர் வரும், உன் பெயரைப் போடலாமா, வேண்டாமென்றால் அந்த இடத்தை வெறுமையாக விடுகிறோம், மூன்று பேரும் சம்மதித்துவிட்டோம் என்று.

அம்மா வேண்டாம் என்றாள். பாலகணேஷைப் போலீஸ் பிடித்துப் போனது, அதற்குள் ஜாமீனில் வந்துவிட்டார். ஆபீஸ் போர்டைத்தான் எடுத்திருக்கிறார், ஆள் இங்கனதான் இருக்கிறார். அப்பாவிடம் கேட்டேன். "உன் இஷ்டம் பிள்ள" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

 பயம் போகவில்லை. ஆ. சந்தனச்செல்வி என்று அடித்தேன். எழுத்து சரியா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினேன்.