அதே வாயால ஒரு வார்த்தை

பாசிர் கூடாங்,
14.5.2021

தம்பி செல்லப்பனுக்கு,

அக்கா ஆசீர்வாதத்தோட எழுதுறேன். என் நம்பரை பிளாக் பண்ணிட்ட. தபால்காரரை பிளாக் பண்ண முடியாதுலா, அதான் கடுதாசி.

சந்திரமதிக்கு கொரோனா ஊசி போட 28ஆம் தேதி சிகாமட் டவுனுக்கு வரச் சொல்லியும் நீ கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறியாம். உன் மக லோஷினி அழுதுட்டே சொன்னா. பொண்டாட்டிக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கு, கொரோனா வந்தா தாங்குவாளா? முப்பது வருஷமா எண்ணெய் மில்லுல ஆளுங்களை மேய்க்கிற மண்டோரா இருக்க, மண்டையில எண்ணெயாவது ஏறியிருக்கும்னு பார்த்தா அதுவும் இல்ல. மாஸ்க்கைத் தாடைக்கு மாட்டிக்கிட்டு சுத்துறியாமே. கிருமி என்ன, தாடி வழியாவா உள்ள போகுது?

இதுல யாரோ ஒரு மிஸ்ஸி, நர்ஸாம், 'மாஸ்க் வேணாம்'னு பேசின வாய்ஸை மில்லுல எல்லாருக்கும் போட்டுக் காட்டுறியாம். அவ எந்த ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்கினவளோ! முப்பத்திநாலு வருஷம் வார்டுல நின்ன கூடப்பிறந்தவ பேச்சு மட்டும் உனக்குக் கசக்குது.

உன் அக்கா,
கஸ்தூரி,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ்

சாஆ,
18.5.2021

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நாய்க்குச் சோறு வைக்கிறவங்ககூட இன்னும் கொஞ்சம் மரியாதையா வைப்பாங்க.

அந்த மிஸ்ஸி நீங்கதான். போன வருஷம் மார்ச் மாசம் குடும்ப குரூப்புல நீங்களே பேசினது. 'நோய் வந்தவங்க மாஸ்க் போட்டா போதும், மத்தவங்க சும்மா பயந்து சாகாதீங்க, ஆஸ்பத்திரியில எங்களுக்கே பத்தல.' அட, அலமாக்! சொந்தக் குரலே மறந்து போச்சா? படிச்ச அக்கா சொன்னதுன்னு நான் பத்திரமா வச்சிருந்தேன். மில்லுல அறுபது பேர் அதைக் கேட்டு நடந்தாங்க. பிறகு ரெண்டு மாஸ்க் போடுன்னீங்க. நடுவுல 'அது தப்பாப் போச்சு'ன்னு ஒரு வார்த்தை இல்ல. இப்ப ஊசிங்கிறீங்க. அடுத்த வருஷம் என்ன சொல்வீங்களோ?

ஒன்னு செய்ங்க. 'அன்னிக்கு நான் சொன்னது தப்பு, இனி இதைக் கேளுங்க'ன்னு அதே வாயால பேசி லோஷினிக்கு அனுப்புங்க. அறுபது பேருக்கும் போடுறேன். சந்திராவை நானே கூட்டிட்டுப் போறேன்.

ஊசி வலிக்குமான்னு அவ உங்ககிட்டக் கேக்கச் சொன்னா.

தம்பி,
செல்லப்பன்

பாசிர் கூடாங்,
22.5.2021

செல்லப்பனுக்கு,

நான் தப்புன்னு சொல்லணுமா? மில்லுல பழக்குலை தூக்குற அறுபது பேர்கிட்ட? அன்னிக்கு மேலிடத்துல சொன்னதைச் சொன்னேன். அவங்க மாத்தினாங்க, நானும் மாத்தினேன். மூளை இருக்கிறவங்களுக்குப் புரிஞ்சது. உன்னை யாரு அதைப் பொத்தி வைக்கச் சொன்னா?

வலிக்குமான்னு கேக்குறாளாம்! பிள்ளையா பெத்துக்கப் போறா? வாயை மூடிக்கிட்டு கூட்டிட்டுப் போ.

கஸ்தூரி

சாஆ,
12.8.2021

மிஸ்ஸி அவர்களுக்கு,

28ஆம் தேதி காலையில ஏழு மணிக்கே சந்திரா நீலச் சேலை கட்டி, செருப்பு போட்டு வாசல்ல நின்னா. நான் கார் சாவியைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு டிவி பார்த்தேன். உங்க வாய்ஸ் வரல. உங்களை ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். பதினோரு மணிக்கு அவ சேலையை மாத்திட்டு சமைக்கப் போனா.

ஜூலை மாசம் மில்லுலேர்ந்து காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டு வந்தவன் நான்தான். எனக்கு நாலு நாள்ல விட்டுப்போச்சு. அவ 14ஆம் தேதி ஆஸ்பத்திரியிலேயே இறந்து போயிட்டா. முகத்தைப் பார்க்க விடல. காரியமும் முடிஞ்சது. வேணும்னுதான் உங்களுக்குச் சொல்லல. லோஷினி உங்ககிட்டச் சொன்னாளோ என்னவோ, என்கிட்டப் பேசுறதில்ல.

உங்களைத் திட்ட எனக்கு வாய் இல்ல. 'தப்பு'ங்கிற ஒரு வார்த்தைக்கு வாய் வராத ரெண்டு பேர் ஒரே வயித்துல பிறந்தோம். நான் போன வாரம் சொல்லிட்டேன். மில்லுல அறுபது பேர் முன்னால நின்னு, அழுதுட்டே சொன்னேன். உங்க வாய்ஸ் தேவைப்படல. எல்லாரும் போய் ஊசி போட்டுக்கிட்டோம்.

இனி கடுதாசி போடாதீங்க, பிரிக்க மாட்டேன்.

சந்திரா கேட்டதுக்கு நீங்க பதில் எழுதல. நான் எழுதுறேன். வலிக்கல.

செல்லப்பன்