மைக்கில் ஒன்று, வாசலில் ஒன்று

ஞாயிறு இரவு

காலையில் எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டின் மொட்டை மாடியில் பொங்கல் விழா. வினாடி வினா நடத்தியவர் மேல் வீட்டு சபாபதி, ரிடையர் ஆன பேங்க் மேனேஜர். 'ஹார்க்' என்ற பழைய ஆங்கிலச் சொல் எப்படி வந்தது என்று கேட்டார். நான் எழுந்தேன். காது கொடுத்துக் கேள் என்று ஏவும் சொல் அது, 'ஹியர்' பிறந்த குடும்பத்திலேயே பிறந்தது, வேட்டைக்காரர்கள் நாய்களை அப்படித்தான் கூவி ஏவினார்கள் என்றேன்.

மனுஷன் முடிக்கவே விடவில்லை. "தப்பு மேடம்! ஹார்ட்ல இருந்து வந்தது. மனசால கேக்கறது. இங்கிலீஷ் டீச்சருக்கே தெரியல, இவங்ககிட்டயா பசங்கள ட்யூஷன் அனுப்பறீங்க?" என்று மைக்கில் கேட்டார். மாடியே சிரித்தது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களும் சிரித்தார்கள்.

சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. சபாபதிதான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "டிக்‌ஷனரில பார்த்தேன் மேடம், நீங்க சொன்னதுதான் சரி" என்று முணுமுணுத்தார்.

அவமானம் மைக்கில், மன்னிப்பு மட்டும் ரகசியமாகவா? நான் காதருகே கையைக் குவித்தேன். "என்ன சார்? கேக்கல."

கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"இன்னும் சத்தமா சார்."

"நான்தான் தப்பா சொன்னேன் மேடம்!"

மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது. கீழ் வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

நான் "பரவாயில்ல சார்" என்று சொல்வேன் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார். கதவைச் சாத்திவிட்டேன்.