தீம் பார்க்கில் உன் சித்தி ஊசி போட்டுக்கொண்ட விவரம்

அன்புள்ள மகளுக்கு, உன் சித்தப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சித்தியும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்னதும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று சித்தி அடித்துச் சொல்கிறாள். கண்ணால் பார்க்காத எதையும் நான் லேசில் நம்புகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் சுகம்தான் என்று உன் கையால் நாலு வரி எழுதிப் போடு. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனை உன் சித்தி ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிடுகிறாள், நான் வாயைத் திறந்தால் முழங்கையால் இடிக்கிறாள். போன வாரம் ஊசி விஷயம் என்ன ஆச்சு என்று நீ கேட்டதற்கு, அதெல்லாம் ஆச்சு என்று சொல்லி உடனே மாப்பிள்ளையின் இருமலைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டாளே, அப்போதே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். வந்திருந்தால் நீ என் வளர்ப்பு. எப்படி ஆச்சு என்று அவள் சொல்லமாட்டாள், அவள் தம்பி உன் ரேடியோ மாமாவைக் கேட்டால் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லுவான். நடந்ததை நடந்தபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல இந்தக் குடும்பத்தில் என்னை விட்டால் யார். அவள் கடைக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

பிரசவத்துக்கு சித்தி என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீ சொன்ன நாளிலிருந்து இவள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்துவிட்டாள். பெட்டி தயார், துணி தயார், குழந்தைக்குப் பின்னிய தொப்பி மட்டும் ஒரு கூடை. ஆனால் கொரோனாவுக்கு இரண்டு ஊசியும் போடாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்ன பிறகு, இன்றைக்குத் தலைவலி, நாளைக்குக் கூட்டமாக இருக்கும், மறுநாள் மழை வரும்போல் இருக்கிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. நானோ முதல் ஆளாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தவன். இப்படி அசையாத கையை நான் பார்த்ததே இல்லை ஐயா என்று அந்த நர்ஸம்மா சொன்னாள், வாய்விட்டுச் சொல்லவில்லை, கண்ணில் தெரிந்தது. சித்தியின் பயத்துக்கு ரேடியோ மாமாதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் மெஷினைப் பார்த்தோமா வந்தோமா என்று இல்லாமல், டீக்கடை, சலூன், நம் வீட்டுக் கூடம் என்று உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஊசிக்கு எதிராகப் பிரசங்கம். "அக்கா, அவசரத்துல செஞ்ச மருந்துக்கா அது. உள்ள என்ன போகுதுன்னு போடறவனுக்கே தெரியாது. நான் செத்தாலும் போடமாட்டேன்" என்பான். இவளும் கையைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

பார்த்தேன். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவன் நான், நான் ஏறினால் பஸ்ஸே நிமிர்ந்து உட்காரும், ஒரு தடவை ஒரு மந்திரியையே கீழே இறக்கியிருக்கிறேன், மந்திரி என்றால் மந்திரியின் டிரைவருடைய மச்சான், அதுவும் சாதாரண விஷயமா. என்னிடம் ஒரு பெண்பிள்ளையின் பயம் எத்தனை நாள் நிற்கும் என்று ஒரு திட்டம் போட்டேன். ஊருக்கு வெளியே தீம் பார்க் இருக்கிறதே, அது கொரோனாவால் பூட்டிக்கிடந்து இப்போதுதான் பாதிக் கூட்டத்தோடு திறந்திருக்கிறார்கள். ஊசி போட்டவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, போடாதவர்கள் வந்தால் கார் நிறுத்துகிற இடத்தில் கூடாரம் இருக்கிறது, அங்கே போட்டுக்கொண்டால் நுழைவு இலவசம். இலவசம் என்றதும் எனக்கே முதலில் சந்தேகம்தான், யாராவது சும்மா ராட்டினம் சுற்றிவிடுவார்களா. ஆனாலும் யோசித்தேன். டிக்கெட் இல்லாதவன் தனியாக இருக்கும்போது ஆயிரம் கதை சொல்லுவான், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் கப்சிப்பென்று பணத்தைக் கட்டிவிடுவான். சித்தியையும் அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் தானாகப் போய்ப் போட்டுக்கொள்வாள் என்பது என் கணக்கு. கூடாரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஓய்வுபெற்றவர் சங்கத்தில் இலவச பாஸ் கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க சங்கம் ஒரு கிளாஸ் டீ சும்மா குடுத்ததில்ல, இப்ப தீம் பார்க் கூட்டிட்டுப் போகுதா" என்று கேட்டாள். என்னோடு இருந்து இருந்து அவளுக்கும் இந்தக் குணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இலவசம் என்ற சொல் காதில் விழுந்து ரேடியோ மாமாவும் தொற்றிக்கொண்டான், தம்பி வருகிறான் என்பதால்தான் அவளும் கிளம்பினாள்.

அந்த இடத்தை நீ பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய வாசல், உள்ளே பாட்டு அலறுகிறது, ஆள் அங்கொன்றும் இங்கொன்றும். கரடி வேஷம் போட்ட ஒருவன் வருகிறவர்களுக்குக் கை ஆட்டுகிறான், கரடியின் மூக்குக்குப் பெரிதாக ஒரு மாஸ்க் கட்டியிருக்கிறார்கள். கரடி போட்டிருக்கிறது சரி, உள்ளே இருக்கிறவன் போட்டிருக்கிறானா என்று நான் கேட்டேன். கை ஆட்டுவதைச் சட்டென்று நிறுத்தினான், அதிலிருந்தே தெரிகிறது. வாசலில் ஒரு பெண் எல்லாரையும் நிறுத்தி, ஊசி போட்டாச்சா என்று கேட்டு, போடாதவர்களுக்குக் கூடாரத்தைக் கைகாட்டிக்கொண்டிருந்தாள். சித்தியின் முகம் சுருங்கியது. அவள் வாயைத் திறப்பதற்குள் ரேடியோ மாமா முன்னால் பாய்ந்து, "என் உடம்பு, என் இஷ்டம். நான் எதுக்கும்மா உன்கிட்ட சொல்லணும்? நீ என்ன டாக்டரா?" என்று கத்த ஆரம்பித்தான். எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. மகளே, டிக்கெட் எடுக்காதவன் சத்தமே போடமாட்டான், ஜன்னல் வழியாக மரத்தை ரசித்துக்கொண்டிருப்பான், சார் என்று மரியாதையாகப் பேசுவான். நான் எதுக்குக் காட்டணும் என்று எகிறுகிறவன் சட்டைப்பையில் டிக்கெட் பத்திரமாக இருக்கும். இது என் முப்பது வருஷ அனுபவம், எந்தக் காலேஜிலும் சொல்லித்தரமாட்டார்கள். டேய், நீ போட்டுட்டே என்று சொன்னேன். அவனுக்கு வேர்த்துவிட்டது. அந்தப் பெண் அவனை உற்றுப் பார்த்து, "அண்ணே, நீங்களா? மாஸ்க்ல அடையாளம் தெரியல. எங்க கரடி டிரஸ் துவைக்கிற மெஷின சரி பண்ண வந்தப்ப, ரெண்டாவது ஊசி போட்டு கை தூக்க முடியலன்னு என்னையே ஸ்க்ரூ கழட்ட வச்சீங்களே" என்றாள். கரடிகூடத் திரும்பிப் பார்த்தது.

பிறகு விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. ஊசி போடாதவனை எந்த வீட்டிலும் மெஷினைத் தொட விடமாட்டேன் என்கிறார்களாம், வேறு வழியில்லாமல் அவன் எப்போதோ போட்டுவிட்டான். பின்னே எதற்கடா ஊரெல்லாம் பிரசங்கம் என்றால், "போட்டுட்டேன்னு சொன்னா எவன் மாமா உக்காந்து கேப்பான்? டீக்கடைல இப்பதான் எனக்குன்னு ஒரு இடம் போட்டு வைக்கிறாங்க" என்கிறான். நான் வெற்றி முழக்கத்தோடு சித்தி பக்கம் திரும்பினேன், பார்த்தியா உன் தம்பி லட்சணத்தை, போ, இப்போ கூடாரத்துக்குப் போ என்று சொல்லலாம் என்று. அவள் அங்கே இல்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சிமெண்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன். "அவன் பொய் சொன்னான், நீங்க மட்டும் என்ன? சங்கம் பாஸ் குடுத்துச்சா? டிக்கெட் இல்லாம ஏறினவள நிக்க வைக்கிற மாதிரி என்னை நாலு பேர் முன்னாடி நிக்க வச்சீங்கல்ல" என்றாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும். மெதுவாகச் சொன்னாள்.

இனி எழுதுவதை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் உனக்குத் தெரிய வேண்டியது. தம்பி சொன்னதை அவள் ஒரு நாளும் நம்பியதில்லையாம். "அவன் பேச்சை எவ நம்புவா? வேண்டாம்னு சொல்ல ஒரு சாக்கு கிடைச்சுது, பிடிச்சுக்கிட்டேன்" என்றாள். உன் அம்மாவின் கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது இவள்தான். "அக்கா கைய நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். ஊசி போட்டாங்க. கொஞ்சம் தூங்கறேன்டின்னாங்க. கை என் கைக்குள்ளயேதான் இருந்துச்சு. நோய்தான் கொண்டுபோச்சு, ஊசி இல்ல, எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியல" என்றாள். ஊரில் எவன் முகத்தையும் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிற எனக்கு, தினம் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் இது இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று, பயப்படாதே, நானெல்லாம் பயந்தேனா என்றேன். அது தப்பான பேச்சு. அவள் நிமிர்ந்து மதிலுக்கு மேலே தெரிந்த ரோலர் கோஸ்டரைக் காட்டினாள். "மாடி பஸ்ல ஏறினாலே கம்பிய விடமாட்டீங்க, எனக்குத் தெரியாதா? போய் அதுல உக்காருங்க. நீங்க பயந்துக்கிட்டே ஒரு காரியம் செய்யறத நான் ஒரு தடவை பார்க்கணும்" என்றாள்.

ஏறினேன். ஏறாமல் இருப்பேனா, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து உள்ளே போனேன். வானத்தைத் தொடுகிற உயரம், ஏறும்போதே பறவைகள் கீழே பறந்தன. ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டுதான் ஆள், அதனால் பிடித்துக்கொள்ள பக்கத்தில் மனுஷ வாடை இல்லை. மாஸ்க்கைக் கழற்றிக் கத்தக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சீட்டுக் கம்பிக்குப் பூட்டு விழுந்ததா என்று அதை ஓட்டுகிற ஆளை நாலு தடவை இழுத்துப் பார்க்கச் சொன்னேன், பச்சை விளக்கு எரிகிறது சார் என்றான், விளக்குக்கு என்ன தெரியும். டக் டக் என்று மேலே போய் உச்சியில் ஒரு கணம் நின்றது. கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன், ஆனால் அவள் பார்க்கிறாளா என்று பெஞ்சைத் தேடினேன். பெஞ்சு காலி. அந்தப் பக்கம், கார்களுக்கு நடுவில், கைப்பையைத் தலைக்கு மேல் வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன உருவம் கூடாரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நடை தெரியாதா எனக்கு. அவ்வளவுதான் பார்த்தேன், அதற்குள் அது என்னைக் கீழே போட்டுவிட்டது. நான் கத்தியதாக ரேடியோ மாமா சொல்லுவான், மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னேன், அவ்வளவே.

இறங்கி, நேராக நடக்க முடிந்தவரை நடந்து, கூடாரத்துக்குப் போனால் இவள் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வலிக்குதா என்றேன். "இல்ல. பிடிச்சுக்க யாரும் இல்லையேன்னு நானே பிடிச்சுக்கிட்டேன்" என்றாள். அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். நான் எதிரில் நின்றுகொண்டு அவள் கண்ணை மூட விடவில்லை. ஒரு கொட்டாவி விட்டாள், நர்ஸைக் கூப்பிட்டேன். இன்னொன்று விட்டாள், டாக்டரைக் கூப்பிட்டேன். அந்த டாக்டர், ஐயா, நீங்கள்தான் வெளுத்துப்போய் இருக்கிறீர்கள், முதலில் உட்காருங்கள் என்றார், அவருக்கு அனுபவம் போதாது. ராத்திரி சித்திக்குக் கொஞ்சம் காய்ச்சல், காலையில் அவளே எழுந்து வீட்டைப் பெருக்கினாள். ரேடியோ மாமாவோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. அவன் தினம் வந்து ஒரு பழுதும் இல்லாத நம் மெஷினைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகிறான். அடுத்த மாசம் இரண்டாவது ஊசி. தனியாகப் போகிறேன் என்கிறாள், நான் விடுவதாக இல்லை, இந்தத் தடவை பிடித்துக்கொள்ள என் கை இருக்கும். அது முடிந்ததும் மாப்பிள்ளையை விமான டிக்கெட் போடச் சொல்.

இப்போது உன் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, நேராகவே கேட்டுவிடுகிறேன். பஸ்ஸில் இன்னொரு தினுசு உண்டு. பக்கத்து ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, தூங்குவதுபோல் கடைசி ஸ்டாப் வரை போகிறவர்கள். மூன்று மாசத்துக்குத்தான் சித்தியை அனுப்புங்கள் என்று நீ சொன்னபோது உன் குரல் ரொம்ப இனிப்பாக இருந்தது. அப்புறம் குழந்தை கவிழ்ந்து படுக்கட்டும் என்பாய், தவழட்டும் என்பாய், அவளும் உன்னோடு சேர்ந்து தூங்குவதுபோல் பாவனை செய்வாள். நான் நன்றாகச் சமைப்பேன், துணி துவைப்பேன், எனக்கு ஒரு குறையும் வராது, அது வேறு விஷயம். ஆனால் இந்த மூன்று நாளாக அவள் பெட்டியை மூடித் திறந்து மூடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் என்ன எடுக்கிறாள் என்று எட்டிப் பார்க்கிறேன். நேற்று என் கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்திருந்தாள். அங்கே குளிருமாம், போட்டுக்கொள்ள வேண்டுமாம். அவளுடைய சட்டை இரண்டு இருக்கும்போது என்னுடையது எதற்கு என்று நான் கேட்கவில்லை. திருப்பி எடுத்து வைக்கவும் இல்லை.

படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறு, கனமான எதையும் தூக்காதே, கூட்டத்தில் மாஸ்க்கைக் கழற்றாதே. தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரிந்து நீங்கள் எல்லாரும் நிறைவாக இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசி. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, சித்தியிடம் போனில் உளறாதே. மூன்று மாசம் என்றால் மூன்று மாசம், அவள் இறங்குகிற இடத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைத் தவிர வேறு யாரையும் வளர்க்கத் தெரியாத
சித்தப்பா