உன் தலைக்குள் இருந்த கறுப்பு

இதை யார் எடுத்தாலும், உங்கள் காலில் விழுகிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் கூடவே கூடாது. இது போன பங்குனியில் இறந்துபோன என் அப்பாவுக்கு.

அப்பா, சாயங்காலம் அம்மா வாழைக்காய் நறுக்கினாள். ஒரு துண்டு அரிவாள்மணை ஓரம் கிடந்தது. விளக்கு ஏற்றிவிட்டு வருவதற்குள் கறுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் மதராஸ் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்துவிட்டது.

உன் கை ஏன் நடுங்குகிறது, வாசற்படியில் கால் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று டாக்டரம்மாவை நான்தான் கேட்டேன். மூளைக்கு அடியில் கறுப்பாக ஒரு சின்ன இடம் இருக்கிறதாம். அங்கே சுரக்கும் டோபமின் என்ற ரசாயனம்தான் கைகாலைச் சொன்னபடி கேட்க வைக்கிறதாம்.

"அந்த டோபமின் ஆக்சிஜனோட சேர்ந்து கெட்டுப்போனா, தன்னைச் சுரந்த செல்லையே அரிச்சிடும்னு சிலர் நினைக்கிறாங்க. இன்னும் நிச்சயமாத் தெரியாது, பாப்பா. நறுக்கின வாழைக்காய் கறுக்குதே, அதுவும் கிட்டத்தட்ட இதே வேலைதான்" என்றார்.

வாழைக்காயை மோரில் போட்டால் கறுக்காது. அதனால் மறுநாள் முதல் உனக்குச் சொம்பு சொம்பாக மோர்.

"இன்னாடி, எதுக்கு இம்மாம் மோரு?"

"தலைக்குள்ள கெடாம இருக்கத்தாம்பா."

"உங்கப்பன் தலை இன்னா, வாழக்காயா?"

உன் முகம் அதற்குள் நோயில் இறுகிப்போயிருந்தது. தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் நீ சிரிக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் சொட்டு விடாமல் குடித்தாய்.

வாலாஜாபாத் பஸ்ஸில் நீ தள்ளாடியபோது, "காலையிலயே ஏத்திக்கினியா, பெருசு?" என்று கண்டக்டர் கேட்டான். நான் அழுதேன். இறங்கியதும் சொன்னாய்: "வெரலு ஆட ஆரம்பிச்சப்பவே டாக்டராண்ட காட்டியிருக்கணும், கண்ணு. துண்டுக்குள்ள மறைச்சிக்கினே இருந்துட்டேன். நீ எதையும் மறைக்காத."

நோய் முற்றினால் மூளையில் அந்த இடத்தின் கறுப்பு வெளுத்துவிடுமாம். கனவில் அங்கேதான் நடக்கிறேன். கறுப்பு மரங்கள் அடர்ந்த தோப்பு. ஒவ்வொரு மரமாகச் சத்தமில்லாமல் வெளுக்கிறது. நடுவில் நீ, நடுக்கமே இல்லாமல், கையை வீசி நடக்கிறாய். கூப்பிட்டால் திரும்புவதில்லை.

அப்பா, கொஞ்ச நாளாக என் இடது கட்டைவிரல் ஆடுகிறது. பயத்தில் ஆடுகிறதா, உனக்கு வந்ததே எனக்கும் வந்துவிட்டதா, தெரியவில்லை. "வெளிய தெரிஞ்சா உன்ன எவன் கட்டிக்குவான்?" என்று உன் நோயின் பேரையே அம்மா சொல்ல விடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் கையைத் தாவணிக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறேன். மறைக்காதே என்று நீ சொன்ன வார்த்தையும் அந்தக் கைக்குள்ளேதான் இருக்கிறது.

கதவைத் தட்டும் சத்தம்.

"ஏய், உள்ள இன்னா பண்ணிக்கினு கீற? தொற!"

அம்மாதான். காகிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவேன். கையை மறைக்கப்போவதில்லை அப்பா, இந்தக் கையாலேயே தாழ்ப்பாளைத் திற—