தலைகீழாய்த் தொங்கிய கிளிகள்

மார்ச் 3, செவ்வாய்

மகள் அனுப்பிய பார்சல் வந்தது. பிரித்தால் சுருள் சுருளாக வால்பேப்பர். பச்சைக் கொடி, கொடிக்கு நடுவே கிளிகள். ஹால் சுவர் ஈரம் ஏறிக் கறை பிடித்துக் கிடப்பதைப் போனில் பார்த்துவிட்டாளாம். அந்தக் கறைக்கு இவர் மூக்கும் தாடையும் அப்படியே. மகளிடம் அதைக் காட்டியதும் நான்தான். "உங்க அப்பா ரெண்டு பேரை வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்துறேன்டி. ஒண்ணு சுவர். இன்னொண்ணு அதைவிடச் சுவர்."

ராத்திரிச் சாப்பாட்டில் வழக்கமான கூத்து. இவருக்கு உப்பு வேண்டும். உப்பு ஜாடி சின்னவர் கைக்குப் பக்கத்தில்.

"உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு." இது இவர், என்னைப் பார்த்து.

"எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லுங்க அண்ணி." இது சின்னவர், சோற்றைப் பார்த்து.

ஜாடி நகரவில்லை. எழுந்து போய் நான்தான் நகர்த்தினேன். சம்பளம் இல்லாத தபால்காரி.

சின்னவர் என் கொழுந்தன். கல்யாணம் பண்ணாமலே நாற்பதைத் தாண்டியவர், மாடி அறையில் இருக்கிறார், பஸ் டிப்போவில் மெக்கானிக். இவருக்கு வாசல் அறையில் தையல் கடை. போன மழைக்காலத்தில் தம்பி சட்டைக்கு அளவு கொடுக்க நின்றபோது, பக்கத்துத் தெரு நர்ஸ் சீருடை வாங்க வந்து நின்றாள். சின்னவர் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒளித்து வைத்திருந்தார். யாருக்காக என்று எனக்குத் தெரியும். இவருக்கு அது தெரிந்தால்தானே! டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சட்டை பத்தாதுடா, கூடாரந்தான் தைக்கணும்" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

இந்த வீட்டில் கேலி என் இலாகா. பழக்கமில்லாத தொழிலில் இவர் ஏன் கை வைக்க வேண்டும்? நான் கேலி செய்தால் அடிபட்டவரும் சேர்ந்து சிரிப்பார். இவர் செய்தால் பொத்தான் தெறிக்கிறது.

மார்ச் 4, புதன்

மாடியில் பெட்டி இழுபடும் சத்தம். போய்ப் பார்த்தால் சின்னவர் துணியை மடித்துக்கொண்டிருக்கிறார். டிப்போ பக்கத்தில் அறை பார்த்தாகிவிட்டதாம். "பதினஞ்சாம் தேதி வண்டி வருது அண்ணி. பீரோவையும் ஏத்திட்டா முடிஞ்சுது."

இப்படியே போய்விட்டால் இரண்டும் சாகிற வரைக்கும் பேசாது. பிடிவாதத்தில் ஒரே அச்சு.

இவரிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "போறவன் போகட்டும்" என்றார். நான் நின்று பார்த்தேன். நூல் ஊசிக்குள் போகவே இல்லை.

மார்ச் 5, வியாழன்

ஒரு யோசனை வந்திருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எனக்கே சிரிப்பு வந்து காரியம் கெட்டுவிடும்.

மார்ச் 7, சனி

கையில் கட்டுப் போட்டுக்கொண்டேன். சுளுக்கு. சுருளைத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று முனகினேன். "யாராவது ஒட்டினாத்தான் உண்டு. பிள்ளை ஆசையா அனுப்பியிருக்கு" என்று மூக்கை வேறு உறிஞ்சினேன். நாடகத்தில் சேர்ந்திருக்க வேண்டியவள் நான்.

மகளைக் கொண்டும் பேச வைத்தேன். "சித்தப்பா, போறதுக்கு முன்னாடி எனக்காக இந்த ஒரு வேலை" என்றாள். அவள் கேட்டு அவர் மறுத்ததே இல்லை. ஆனால் நிபந்தனை உண்டு. "நான் ஜன்னல் பக்கத்துலேருந்து வருவேன். அவரு கதவுப் பக்கத்துலேருந்து வரட்டும். எங்கிட்ட வேலை வச்சுக்கக் கூடாது."

"நான் எதுக்குடி அவங்கிட்ட வேலை வச்சுக்கணும்?" என்றார் இவர். கூடத்தில் மூன்றே பேர்தான் இருந்தோம். இருந்தும் தபால் என் வழியாகத்தான் போனது.

கடைசியில் மகள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "அம்மா, பேப்பர் பின்னாடி அம்புக்குறி இருக்கும். அது மேல பாக்கிற மாதிரி ஒட்டணும். அப்பாகிட்ட மறக்காமச் சொல்லு."

சொல்லவில்லை. எது மேல் எது கீழ் என்று இவர் அவரைக் கேட்கட்டும், அவர் இவரைக் கேட்கட்டும். ஒரே ஒரு கேள்வி போதும் எனக்கு.

மார்ச் 8, ஞாயிறு

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. இந்த வலி நிஜம்.

காலையிலேயே சின்னவர் என்னை உற்றுப் பார்த்தார். "அண்ணி, நேத்து இடது கையில இல்ல கட்டு இருந்துச்சு?"

குனிந்து பார்க்கிறேன், வலது கை! "வலி நடந்து இந்தப் பக்கம் வந்துடுச்சுப்பா" என்றேன். அவர் உதடு கோணியது. சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு வாசல் வரைக்கும் வந்துவிட்டுப் போனது, பார்த்தேன்.

உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்த்தார்கள். ஆளுக்குப் பாதி. இவர் மூக்கும் தாடையும் பொடியாக உதிர்ந்தன. பிறகு ஒட்டும் வேலை.

சின்னவர் பசையைக் கிரீஸ் மாதிரி அப்பினார். சுவரில், காகிதத்தில், முழங்கையில், காதில். காகிதம் ஊறிப் போய் இரண்டு துண்டு கையோடு கிழிந்தது. இவர் இந்தப் பக்கம் டேப், சாக்குக்கட்டி, பெரிய கத்தரிக்கோல் எல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். வெட்டினார், வெட்டினார், வெட்டிக்கொண்டே இருந்தார். ஒட்டியபோது பார்க்கிறேன் — ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் ஒரு சாண் மடித்து விட்டிருக்கிறார்!

"இது என்னங்க?"

"தையலுக்கு விட்டிருக்கேன். பின்னாடி வேணும்னா பிரிச்சு விட்டுக்கலாம்."

"சுவர் என்ன வளருமாங்க?"

ஜன்னல் பக்கம் யாரோ இருமினார்கள். இருமல் இல்லை அது.

ஒற்றை ஆளாக ஒட்டுகிற வேலையா இது? மேலே ஒட்டினால் கீழே சுருள்கிறது, கீழே அழுத்தினால் மேலே கழன்று தலையில் விழுகிறது. இவர் ஒரு தடவை முழுத் துண்டும் போர்த்திக்கொண்டு நின்றார், கிளி போட்ட போர்வை. ஒரு வார்த்தை, 'இதைப் பிடி' என்று ஒரு வார்த்தை — ம்ஹூம். இரண்டு பேரும் கேட்கவில்லை. எனக்கோ கையில் கட்டு.

ஒன்று மட்டும் நடந்தது. இவர் ஏறி நின்ற ஸ்டூல் ஆடியது. சின்னவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், பசைச் சட்டியோடு வந்து ஸ்டூல் காலை மிதித்துக்கொண்டு நின்றார். இவர் இறங்கியதும் போய்விட்டார். நான் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

மாலையில் இரண்டு பேரும் நடுவில் சந்தித்தார்கள். ஒரு துண்டு அகலம் சுவர் பாக்கி. அப்போதுதான் பின்னால் நகர்ந்து நின்று முழுச் சுவரையும் பார்த்தார்கள்.

ஜன்னல் பக்கக் கிளிகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. கதவுப் பக்கக் கிளிகள் அத்தனையும் தலைகீழ்.

முதலில் வாயைத் திறந்தது சின்னவர்தான்:

"அண்ணே! உங்க கிளிக்கெல்லாம் என்ன ஆச்சு? சர்க்கஸா பண்ணுது?"

அண்ணே! ஐயோ, எத்தனை நாளாயிற்று அந்தச் சொல் இந்த வீட்டில் விழுந்து!

இவர் விடுவாரா? "கிளி தலைகீழாவும் தொங்கும்டா! நீ எந்தக் கிளியைப் பாத்த, டிப்போவுல?"

"கொடி கீழேருந்து மேல ஏறுமா, மேலேருந்து கீழ இறங்குமா?"

"பந்தல்லேருந்து தொங்குற கொடியை நீ பாத்ததில்ல?"

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"நீ என்னைக் கேட்டியாடா?"

சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து மகள் போன். போனை எடுத்தது இவர். "அம்புக்குறியா? உங்கம்மாகிட்ட சொன்னியா?"

இரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. அவசரத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தேன். கட்டு தரையில் கிடந்தது.

"அண்ணி!" "அடியே!"

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். இப்படி ஒரு பாட்டை நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

மார்ச் 9, திங்கள்

சுவரைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து தானாகச் சாய்கிறது.

மார்ச் 11, புதன்

மறுபடி அமைதி. கத்தித் தீர்த்துவிட்டு இரண்டும் வாயைப் பூட்டிக்கொண்டன. மாடியில் பெட்டிக்குக் கயிறு கட்டுகிற சத்தம். என் வேலைக்கு இவ்வளவுதான் பலனா? ஒரு சுவரைக் கெடுத்ததுதான் மிச்சமா? இன்றைக்கு எனக்கு யாரையும் கேலி செய்யத் தோன்றவில்லை. இவரே வந்து, "உடம்புக்கு என்னடி?" என்று கேட்டார்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் இவர் ஹாலில் டேப்பை வைத்துக்கொண்டு நின்றார். நடுவில் பாக்கி இருந்த வெற்றுச் சுவரை அளந்தார். பிறகு டேப்போடு மாடிப்படி ஏறினார். இவர் மாடி ஏறி மாதக்கணக்காகிறது. நான் படிக்குக் கீழே, பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டு.

"அந்தப் பீரோவோட அகலம் என்ன?" இவர் குரல். நேராக அவரிடம். நடுவில் நான் இல்லை.

"எதுக்கு?"

"நடுவுல பீரோ நின்னா, அந்தப் பக்கம் வேற சுவர், இந்தப் பக்கம் வேற சுவர்னு ஆயிடும். கிளி எப்படி நின்னா எவனுக்கு என்ன?"

"நாளன்னிக்கு வண்டி வருதுண்ணே. பீரோ போகுது."

அதற்கப்புறம் இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பீரோ போயிட்டா சுவர் அசிங்கமாத் தெரியும்டா."

இவ்வளவுதான் இவரால் முடியும். இதற்கு மேல் இவர் வாயில் வராது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் இல்லையா? துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன்.

பிறகு மாடியிலிருந்து: "ஒரு பக்கம் நீங்க பிடிக்கணும். தனியாத் தூக்க முடியாது."

மார்ச் 15, ஞாயிறு

வண்டி வந்தது. சின்னவரே வாசலுக்குப் போய் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினார். வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பீரோ ஹாலில் நடுச்சுவரை மறைத்துக்கொண்டு கம்பீரமாக நிற்கிறது. இந்தப் பக்கம் கிளி, அந்தப் பக்கம் சர்க்கஸ். சீருடைக்குப் பொத்தான் வைக்க வந்த நர்ஸ் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது யார் யோசனை?" என்றாள். "எல்லாம் எங்க சின்னவரோட யோசனைதான்" என்று நான் கொளுத்திப் போட்டேன். சின்னவர் பீரோவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

உள்ளே அந்தச் சட்டை தொங்கியது. மழைக்காலத்தில் அளவெடுத்துத் தைத்தும் போடாமலே கிடந்த சட்டை. வயிற்றுப் பக்கம் தையலைப் பிரித்து, விட்டிருந்த துணியை எடுத்து, இவர் யாரிடமும் சொல்லாமல் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார். சாப்பிட வரும்போது சின்னவர் அதைத்தான் போட்டிருந்தார். மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை.

சாப்பாட்டில் வேண்டுமென்றே குழம்பில் உப்பைக் குறைத்து வைத்தேன். என்னிடம் யாரும் உப்புக் கேட்கவில்லை.