தராசு காணாத ரவைகள்

மார்ச் 12, செவ்வாய்

காலையிலிருந்து சிரோக்கோ காற்று. ஆபிரிக்கா மண் முழுவதும் நான் வேலை செய்யும் சிஞ்ஞோரே வீட்டு ஜன்னலில். இரண்டு தரம் துடைத்தும் பலனில்லை. செய்த வேலை: தரை, திரைச்சீலை இரண்டு, கத்தரிக்காய்ப் பொரியல், அவருடைய சட்டைப் பொத்தான். படியில் விழுந்து அவருக்கு இடது கையில் மாவுக்கட்டு, இன்றோடு எட்டு நாள். பொத்தான் பூட்டுவதும் இப்போது என் தலையில்.

மத்தியானம் கோப்பை கழுவி முடிய, "புவனா, வா" என்றார். பூட்டியே கிடக்கும் சின்ன அறை. ஐந்து வருடமாக அந்த அறையைக் கூட்டச் சொன்னதில்லை. வைன் போத்தல் அடுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். மேசை. கைபிடி போட்ட ஒரு இரும்பு அமுக்கி. மருந்துக்கடைத் தராசு. ஒரு தட்டம் நிறைய வெற்றுக் கோதுகள். துப்பாக்கிக் கோதுகள்!

வாசலிலேயே நின்றுவிட்டேன். ஊரில் தம்பியின் சட்டைப் பையில் ஒரே ஒரு வெற்றுக் கோது இருந்தது, ஒழுங்கையில் பொறுக்கினது. அதற்கு ஆமி பிடித்து மூன்று மாதம் உள்ளே. இன்றைக்கும் அவனால் நிமிர்ந்து படுக்க முடியாது. இஞ்சை தட்டம் நிறைய.

"பயப்பிடாதே, எல்லாத்துக்கும் லைசன்ஸ் இருக்கு" என்றார். மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த மனிதர். பகேரியாவுக்கு அங்கால் ஒரு கழகத்தில் கடதாசி அட்டையைப் பார்த்துச் சுடுகிறாராம், முப்பது வருடமாக. ஒரு கையால்தான் சுடுவது, வலது கை சுகம். ஆனால் கோதில் மருந்து அடைத்து ரவை நிரப்ப இரண்டு கை வேண்டும். கடையில் வாங்கும் ரவையில் நம்பிக்கை இல்லை. சன் ஜுசேப்பே திருநாளன்று, 19ஆம் திகதி, போட்டி. "உன்ரை கை பொறுமையான கை, புவனா."

லைசன்ஸ் அவருக்கு. எனக்கு? கேட்கவில்லை. 27ஆம் திகதி குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் பெர்மெசோவை, இந்த நாட்டில் இருக்கிற அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். வேலைக் கடிதத்தில் அவர் கையெழுத்து வைக்காவிட்டால் பெர்மெசோ இல்லை. சரி என்று தலையாட்டினேன்.

மார்ச் 13, புதன்

காற்று ஓய்ந்தது. வெயில். பாடம் தொடங்கியது. அவருடைய சட்டங்கள்:

ரேடியோ கூடாது.
டெலிபோன் அடித்தாலும் எழும்பக் கூடாது.
மேசையில் ஒரே ஒரு வெடிமருந்துப் போத்தல்.
கதைக்கக் கூடாது. (அவர் மட்டும் கதைக்கலாம்!)
சின்னக் கரண்டியால் மருந்து அள்ளி, அட்டையால் மேலே வழித்து, கோதுக்குள் ஊற்று. பத்தாவது ஒவ்வொன்றும் தராசுக்கு.

பிறகு அவர் கைபிடியை இழுத்துக் கோதின் வாயில் ஈயச் சன்னத்தை இறுக்குவார். "செம்ப்ரே உகுவாலே, புவனா." எப்போதும் ஒரே மாதிரி. இதையே நூறு தரம். ஒரு ரவை ஒரு மாதிரி, அடுத்தது வேறு மாதிரி என்றால் ஆர் சொல்லுறதைக் கேட்கிறதெண்டு துப்பாக்கிக்குத் தெரியாதாம்.

"மருந்து கூடினால்?" என்று கேட்டேன். வலது கையை விரித்துக் காட்டி இரண்டு விரலை மடக்கினார். பிறகு கண்ணைத் தொட்டுக் காட்டினார். துப்பாக்கியே கையில் வெடிக்குமாம்.

ஆனாலும் ஊர்ச் சங்கக்கடையில் ஏழு வருடம் கூப்பன் அரிசி அளந்தவள் நான். அளவு எனக்குப் புதிதா? ஐம்பது நிரப்பினோம். ஐந்து தரம் தராசு, ஐந்தும் சரி. "பிராவா!" என்றார். தராசுக்குப் போகும் கரண்டியை மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு அள்ளினேன். பரீட்சை மாதிரி.

மார்ச் 14, வியாழன்

செத்துப் பிழைத்தேன். பொலிதேயாமா தியேட்டர் பக்கம் நீதிபதி ஒருவர் வீட்டு வாசலில், மாபியாவுக்குப் பயந்து, ஆமிக்காரர் காவல் நிற்பது வழக்கம். தினமும் தலை குனிந்து போய்விடுவேன். இன்றைக்கு ஒருவன் மறித்தான். பையைத் திறக்கச் சொன்னான். வெங்காயம், குடை, பழைய சப்பாத்து. பெர்மெசோ எடுக்கக் கோட்டுப் பைக்குள் கைவிட்டால் விரலில் ஒரு கோது. துடைக்கிற துணியோடு வந்திருக்க வேண்டும். குளிர்ந்த, வழுவழுப்பான சனியன்.

பெர்மெசோவை மட்டும் இழுத்து எடுத்துக் கொடுத்தேன். "சிஞ்ஞோரா, இது முடியப் போகுது" என்றான். "ஓம், ஓம்" என்று தமிழில் சொன்னேன். இத்தாலி பாஷை முழுக்க மறந்துவிட்டது. விட்டுவிட்டான். வுச்சீரியாச் சந்தையில் மீன்கடை வாய்க்காலில் கோதைப் போட்டேன். கிணுங்கென்ற சத்தத்துக்கு எல்லோரும் என்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

இரவு வீட்டில் புருசன் செல்வத்திடம் சொன்னேன். மனிதன் சாப்பிட்ட கையோடு எழும்பிவிட்டார்.

"உமக்கென்ன விசரே? ஊரிலை பட்டது காணாதே? பிடிச்சாங்களெண்டால் ரெண்டு பேரையும் சேர்த்து ஊருக்கு ஏத்தி அனுப்புவாங்கள்."

"கையெழுத்தை அப்ப நீங்கள் வைப்பியளே?"

கை கழுவப் போனார். சோறு காய்ந்தது.

மார்ச் 15, வெள்ளி

சிஞ்ஞோரே வேலைக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டார். வாசித்துக் காட்டினார். நேர்மையானவள், கவனமானவள், தன் வீட்டு ஆள் போல என்று எழுதியிருக்கிறார். போட்டி முடிய, 20ஆம் திகதி கையெழுத்து. அழுதுவிட்டேன், வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனதோடேயே போட்டிக்கான இருபதையும் நிரப்பினேன். முதல் நாள் மாதிரிப் பயந்து பயந்து அல்ல, சந்தோசமாக. பத்தாவதும் இருபதாவதும் தராசில் சரி. சிவப்புப் பெட்டியில் அடுக்கினார்.

வாங்க வேண்டியது: சவர்க்காரம், தேசிக்காய், மிளகாய்த்தூள்.

மார்ச் 16, சனி

சிஞ்ஞோரே பழகப் போய் ஐம்பதையும் சுட்டுவிட்டு வந்தார். முகம் சரியில்லை. அட்டையை மேசையில் விரித்தார். ஓட்டைகள் மேலே, கீழே, ஒரு மூலையில். அம்மை போட்ட முகம் மாதிரி.

ஒரு கோதை வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்கத்துச் சின்ன மூடி நசிந்து தட்டையாகிக் கிடந்தது. "இது நல்லதில்லை, வெடி கடுமையாயிருக்கு" என்றார். பிறகு அவரே சமாதானமும் சொன்னார்: மாவுக்கட்டுப் பாரத்தில் உடம்பு சாய்கிறது, மருந்துப் போத்தல் சூட்டில் இருந்திருக்கும். சிவப்புப் பெட்டியில் இரண்டை முழுசாக நிறுத்தார். கோதே ஒன்றுக்கொன்று எடை வித்தியாசம், அதை வைத்து ஒன்றும் சொல்லேலாதாம். கழற்றினால் சன்னம் பழுது, போட்டிக்கு முன் புதிது வாங்கவும் ஏலாதாம்.

என் அளவில் பிழை இருக்காது. தராசே சொன்னது. அப்படியென்றால் ஏன் அந்த அட்டை கண்ணை விட்டுப் போகவில்லை?

மார்ச் 19, செவ்வாய்

எழுத்துக் கோணல். ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

எனக்கு லீவு. காலை எட்டு மணிக்குப் பக்கத்து அறை விமலா வந்தாள். "அக்கா, ரெண்டு சுண்டு அரிசி தாங்கோவன், நாளைக்குத் தாறன்." அளந்து போட்டுக்கொண்டிருந்தேன். செல்வம் கண்ணாடிக்கு முன்னால் சவரம் செய்தபடி சிரித்தார்.

"தட்டித் தட்டி அளக்கிறீர். இனி எங்களுக்கு மிஞ்சுமே?"

அளக்கிற தகரச் சுண்டைப் பார்த்தேன். என் விரலைப் பார்த்தேன். அள்ளுவேன், விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவேன், அரிசி இறங்கும், இறங்கின இடத்துக்கு இன்னும் கொஞ்சம். சங்கக்கடையில் மனேச்சர் பார்த்துக்கொண்டு நின்றால் தட்ட மாட்டேன். எங்கட ஆட்கள் வந்தால் தட்டுவேன். தட்டாமல் கொடுத்தால் கஞ்சத்தனம். ஏழு வருடப் பழக்கம். யோசித்துச் செய்வதில்லை, கையே செய்கிறது.

மருந்துக் கரண்டியில், தராசுக்குப் போனதைத் தட்டியிருக்க மாட்டேன். மற்றதெல்லாம்? வெள்ளிக்கிழமை, கடிதம் வாசித்த பிறகு? ஐயோ, அந்த இருபதையும் அள்ளி அள்ளிக் கொடுத்திருப்பேன்!

அரிசியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சிஞ்ஞோரே வீட்டு வாசல்காரி, "எட்டு மணிக்கே போயிட்டார்" என்றாள். கழகத்தின் டெலிபோன் இலக்கம் தெரியாது. பகேரியாவுக்கு ரயில். இருக்க முடியவில்லை, கதவோடு நின்றேன். இறங்கி அரை மணித்தியாலம் ஓட்டமும் நடையும். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவருடைய விரல், அவருடைய கண். ஊரில் சத்தம் கேட்டால் மற்றப் பக்கம் ஓடுவோம். இன்றைக்குச் சத்தத்தை நோக்கி ஓடினேன்.

வாசலில் மீசைக்காரர் ஒருவர். "எங்கை போறாய்?" சிஞ்ஞோரே மறந்துவிட்டுப் போன வீட்டுத் திறப்பைக் கொண்டு வந்ததாகப் பொய் சொன்னேன். உள்ளே வரிசையாக மனிதர், மேசைக்கு மேசை துப்பாக்கி. சிஞ்ஞோரே கடைசியில். சிவப்புப் பெட்டி திறந்து கிடந்தது. வலது கையை நீட்டிவிட்டார்.

"நோ! சிஞ்ஞோரே, நோ!"

என் தொண்டையில் இவ்வளவு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. எல்லோரும் திரும்பினார்கள். அவர் துப்பாக்கியை மேசையில் வைத்தார். அளவு பிழை, சுடாதேங்கோ என்று அரைகுறை இத்தாலியில் சொன்னேன்.

மீசைக்காரர் பின்னாலேயே வந்துவிட்டார். "ஆர் நிரப்பினது?"

சிஞ்ஞோரே வாய் திறந்தார். அவர் தானே நிரப்பியதாகச் சொன்னால் மானத்துக்காகவேனும் சுட்டே தீருவார் என்று பட்டது. "நான்" என்றேன்.

மீசைக்காரர் சின்னக் கொப்பியில் ஏதோ எழுதினார். சிஞ்ஞோரே போட்டியிலிருந்து விலகினார். ரயிலில் திரும்பினோம்.

அவருடைய வீட்டு வாசலில் வைத்துச் சொன்னார்: "அந்த மீசைக்காரர் குவெஸ்தூராவிலை வேலை."

மார்ச் 20, புதன்

மழை.

இருபதையும் கழற்றினோம். அவர் நிறுக்க, நான் எழுதினேன். தராசுக்குப் போன இரண்டும் சரி. மற்றப் பதினெட்டிலும் மருந்து கூடுதல். போகப் போக இன்னும் கூட. பத்தொன்பதாவதை மூன்று தரம் நிறுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

குசினியிலிருந்து அரிசியும் ஒரு குவளையும் கொண்டுவந்து அளந்து காட்டினேன். தட்டாமல் ஒன்று, தட்டி ஒன்று.

"இப்பிடி ஆருக்குக் குடுக்கிறது?"

"எங்கட ஆக்களுக்கு."

சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நின்றுவிட்டது. "என்னிலும் பிழை, எல்லாத்தையும் தராசிலை நிறுத்திருக்க வேணும்" என்றார். கடிதத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தார். அறையைப் பூட்டினார்.

கடிதம் கையில். அந்தக் கொப்பி அவர்களிடம்.

மார்ச் 27, புதன்

காலை ஆறரைக்கே குவெஸ்தூரா வரிசை. செல்வமும் வந்தார். "கேட்டால் ஒண்டும் தெரியாதெண்டு சொல்லும்" என்று காதுக்குள் ஓதிக்கொண்டே நின்றார். நாலாம் யன்னல். கண்ணாடிக்குப் பின்னால் மீசை. அந்த மீசையேதான்.

கடிதத்தை வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"என்ன வேலை?"

"வீட்டு வேலை."

"என்னென்ன?"

"சமையல், தரை, உடுப்புத் தோய்க்கிறது."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

மேசை லாச்சியை இழுத்தார். கொப்பி வரப்போகிறது என்று செல்வத்தின் கையைப் பிடித்தேன். வந்தது முத்திரை. குத்தினார். புதுப் பெர்மெசோவுக்கு ஒரு மாதத்தால் வரச் சொன்னார். பத்திரத்தைத் தள்ளிவிடும்போது, "சிஞ்ஞோரேக்குக் கை எப்பிடி?" என்றார்.

"எந்தக் கை?"

"ரெண்டும்" என்றார். "ஆண்டவர் புண்ணியம், ரெண்டும் இருக்கு" என்றேன். தெருவுக்கு வந்து படியில் இருந்துவிட்டேன்.

பின்னேரம் விமலா வந்தாள், பழைய அரிசியைத் தராமலே இன்னும் இரண்டு சுண்டு கேட்டு. அள்ளினேன். கையால் மேலே வழித்தேன். கொட்டினேன். அப்படியே இரண்டாவதும். செம்ப்ரே உகுவாலே.

அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னக்கா, என்னிலை ஏதும் கோவமே?"

சுண்டைத் திரும்ப எடுத்து அள்ளினேன். விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தச் சத்தத்துக்கு நானே திடுக்கிட்டு அரிசியைத் தரையெல்லாம் கொட்டிவிட்டேன்.