பதினோராம் பக்கத்துக் கடற்கரை

மார்ச் 4, செவ்வாய்

முதலாளி இன்று அறைக்குக் கூப்பிட்டு, "தீவுக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க" என்றார்.

பத்தொன்பது வருடமாக இந்தப் பயண அலுவலகத்தில் கையேடு எழுதுகிறவள் நான். எந்தத் தீவில் எந்த விடுதி, எந்தக் கடற்கரை, கலங்கரை விளக்கத்துக்கு எத்தனை படி என்று எல்லாம் என் கைப்பட எழுதியவைதான். ஒன்றையாவது நேரில் பார்த்திருக்கிறேனா? இல்லை. விடுதிக்காரர் அனுப்பும் குறிப்பு, நாலு படம், மிச்சத்துக்கு என் கைச்சரக்கு. இப்படியே காலம் ஓடிவிட்டது.

நவம்பருக்குப் பிறகு அந்தத் தீவைக் கேட்டு யாரும் வருவதில்லை. அதனால் விடுதிக்காரரே தங்க இடம் தருகிறாராம். நான் போய்ப் பார்த்துப் புதிதாக எழுத வேண்டுமாம். "நல்லதா நாலு வரி போடுங்க. ஜனங்களுக்குப் பயம் போகணும், அவ்வளவுதான்." எதைப் பற்றிய பயம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்லப் போகிறேன்?

நவம்பரில் அந்தத் தீவுக்குப் போன அவர் அஞ்சலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கணக்கு டீச்சர். அக்டோபர் கடைசியில் இருவரும் அலுவலகத்துக்கு வந்து கையேட்டை வாங்கிக்கொண்டார்கள். சார் நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். "பென்சில் இருக்காம்மா?" என்று கேட்டு, என் பென்சிலை வாங்கி, பார்க்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் டிக் போட்டார். பேச்சு சுவாரசியத்தில் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்கவில்லை.

தீவில் மூன்றாம் நாள் காலை வடக்குக் கடற்கரையில் தனியாக இறங்கினார். மதியத்துக்கு மேல்தான் உடல் கிடைத்தது.

சிவப்புக் கொடி கட்டியிருந்தது, அதையும் மீறி இறங்கினார் என்று விடுதிக்காரர் சொன்னார். முதலாளியும் அதையே சொன்னார். பதினோராம் பக்கத்தை ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அதில் இப்படி இருக்கிறது: "வடக்குக் கடற்கரை. குளம் போல அமைதி. நீந்தத் தெரியாதவர்களும் தயங்காமல் இறங்கலாம்."

விடுதியின் குறிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. "ஜூன் முதல் டிசம்பர் வரை இங்கே இறங்க வேண்டாம், அடியில் இழுப்பு உண்டு." அதை நான்தான் எடுத்தேன். அந்த வரியைச் சேர்த்தால் படத்தில் இருந்த தென்னை மரத்தின் அடிப்பாகம் வெட்டுப்பட்டது. பக்கம் பார்க்க நன்றாக இல்லை. வருகிறவர்களிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் என் எதிரில் அரை மணி நேரம் நின்றார். பென்சில் கொடுத்தேன். சொல்ல மறந்தேன்.

ஒரு மரம் அழகாகத் தெரிவதற்காக. வேறு காரணமே இல்லை.

அந்தக் குறிப்பு இப்போது என் பீரோவில், துணிக்கு அடியில் இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

பெட்டி அடுக்கும்போது இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சட்டையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மடித்த சட்டையைப் பெட்டியில் வைத்தார்.

பிறகு, "நாங்க 'பழுது, ஏறாதீங்க'ன்னு போர்டு மாட்டாம ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டோம்" என்றார். என்னைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை, அவருக்கு அப்படிப் பேசத் தெரியாது. ஆனால் அது சுருக்கென்று தைத்தது. அப்புறம் அவரே, "அந்த டீச்சருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

மார்ச் 12, புதன்

வந்து சேர்ந்தேன். படகில் ஒரு மணி நேரம். வயிற்றைப் புரட்டிவிட்டது. "இனிய படகுப் பயணம்" என்று எழுதியவளுக்கு நன்றாக வேண்டும்.

எல்லா அறைகளிலிருந்தும் கடல் தெரியும் என்று எழுதியிருந்தேன். என் அறை ஜன்னலில் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. நாற்காலியில் ஏறி நின்று கழுத்தை வளைத்தால் கடல் ஒரு முழம் தெரிகிறது. வரவேற்பில் இருந்த பெண் என் கையேட்டையே என்னிடம் நீட்டி, "இதுல எல்லா விவரமும் இருக்கு மேடம்" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

இந்தப் படுக்கையும் வெள்ளைத் துண்டும் அவர்கள் அறையிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மார்ச் 13, வியாழன்

வடக்குப் பக்கம் போகவில்லை. நாளை என்று தள்ளிவிட்டு மற்ற இடங்களைப் பார்த்தேன்.

அருங்காட்சியகம். "அரை நாள் ஒதுக்குங்கள்" என்பது என் வாக்கியம். ஒரே ஒரு அறை. பழைய படகு ஒன்று, நங்கூரங்கள், உடைந்த ஜாடிகள், யாரோ ஒரு மாலுமியின் மரப்பெட்டி. மின்விசிறி ஓடவில்லை. காவலாளி எதிர்க் கடையிலிருந்து எழுந்து வந்து பூட்டைத் திறந்துவிட்டார். "இந்த மாசத்துல நீங்க ரெண்டாவது ஆள்" என்றார். அந்த மாலுமிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு பெண் குழந்தையின் முகத்தை வரைந்திருக்கிறார்கள். எத்தனை அழகு! அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

கலங்கரை விளக்கம். நூற்று இருபது படி என்று எழுதியிருந்தேன். எண்ணிக்கொண்டே ஏறினேன். எண்பத்தேழு. சந்தேகப்பட்டு இறங்கும்போதும் எண்ணினேன். எண்பத்தேழேதான். முப்பத்துமூன்று படியை எங்கிருந்து கொண்டுவந்தேன்?

மாலையில் புல்வெளியில் நடனம். "தீவின் கலைஞர்கள்" என்று எழுதியிருந்தேன். மேளம் அடித்தவர் காலையில் என் படுக்கை விரிப்பை மாற்றியவர். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "காலையில பெட்ஷீட், சாயங்காலம் மேளம். ரெண்டையும் தட்டித்தான் ஆகணும்" என்றார். அசதியை மறைத்துக்கொண்டு அருமையாக அடித்தார். கூட்டம் பாதியில் சாப்பிட எழுந்து போனது. நான் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

போனேன்.

குளம் போலத்தான் இருக்கிறது. ஓர் அலைகூட இல்லை. ஒரு தகப்பன் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீரில் நிற்கிறான். படத்தில் இருந்த தென்னை அப்படியே நிற்கிறது. இது மார்ச். படத்தையும் மார்ச்சில்தான் எடுத்திருப்பார்கள். நான் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் தாங்கவில்லை. பொய் எழுதியிருந்தால்கூட யாராவது பிடித்திருப்பார்கள்.

மரத்தடியில் லைஃப் கார்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நானாகப் பேச்சுக் கொடுத்தேன். நவம்பர் என்று ஆரம்பித்ததும் அவரே சொன்னார்.

"கொடி கட்டியிருக்கு சார், இறங்காதீங்கன்னேன். கையில இருந்த புஸ்தகத்தை விரிச்சுக் காட்டினார் மேடம். 'அச்சுலயே போட்டிருக்கேப்பா, நேத்து கட்டின கொடியை அவுக்க மறந்துட்டியா'ன்னு சிரிச்சார். இல்ல சார்னு சொன்னேன். சரி சரின்னு நாற்காலியில உக்காந்துட்டார். கிழக்குப் பக்கம் பசங்க கூட்டமா இறங்கியிருந்தாங்க, பாக்கப் போனேன். பத்தே நிமிஷம். வந்து பாத்தா நாற்காலி மேல புஸ்தகம் இருக்கு, அது பறக்காம இருக்க மேல மூக்குக்கண்ணாடி இருக்கு. ஆளைக் காணோம்."

கடலைப் பார்த்தபடியே, "கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கணும். விட்டுட்டேன். அதை எழுதின புண்ணியவான் யாரோ, அவன் மட்டும் நல்லாத் தூங்குவான்" என்றார்.

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கோழை. கோழைதான் நான்.

மார்ச் 15, சனி

இன்றும் அந்தப் பக்கம் போய்த் தூரத்தில் நின்றேன். அவர் மரத்தடியில் இருந்தார். கிட்டே போகாமலே திரும்பினேன்.

மார்ச் 17, திங்கள்

புதிய பதினோராம் பக்கத்தை எழுதி முதலாளி மேஜையில் வைத்தேன். முதல் வரியே ஜூன் முதல் டிசம்பர் வரை இறங்காதீர்கள் என்பதுதான்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதை இப்பப் போட்டா முன்னாடி போடலைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

"போடலையே சார்."

"கொடி இருந்துச்சும்மா! கொடியைப் பாக்காதது அவர் தப்பு. போனவர் திரும்பி வரப்போறாரா? நீங்க ஏன் தேவையில்லாம மனசைப் போட்டு உழப்பிக்கறீங்க?"

கெட்ட மனிதர் இல்லை அவர். சார் இறந்த வாரம் ஓடியாடி எல்லா ஏற்பாடும் செய்தது அவர்தான். ஆனால் அந்த வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். போன வருடம் நான் அடித்தேன், இந்த வருடம் அவர்.

மார்ச் 20, வியாழன்

டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வரிசையாக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "வாம்மா, உக்காரு." கூடத்தில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். ஒன்றில் மடிக்காத துணி குவிந்திருந்தது. யாரும் உட்காராத நாற்காலி. நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"டீச்சர், பதினோராம் பக்கம் நான் எழுதினது. அதுல ஒரு வரியை நான் எடுத்துட்டேன்." குறிப்பை நீட்டினேன்.

அவர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இரண்டு முறை படித்தார். விடை சரிதானா என்று பார்ப்பவர் மாதிரி விரல் வைத்துப் படித்தார். பிறகு துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்குக் காலையில அவர் ஜன்னல்கிட்ட நின்னு, கொடி சிவப்பா தெரியுதே, போகலாமா வேணாமான்னு கேட்டார். நான் கண்ணைக்கூடத் திறக்கலை. புஸ்தகத்துல குளம் மாதிரின்னு போட்டிருக்கே, போயிட்டு வாங்க, என்னைக் கொஞ்சம் தூங்க விடுங்கன்னேன். அதுதான் நான் அவர்கிட்டப் பேசின கடைசிப் பேச்சு."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"நாலு மாசமா நானே அனுப்பிக் கொன்னுட்டேன்னு இருக்கேன். என் பொண்ணுகிட்டக்கூடச் சொல்லலை. சோறு இறங்கலை. இந்தக் காகிதம் எங்கே இருந்துச்சு?"

"என் பீரோல, டீச்சர்."

"நாலு மாசமும்?"

"ஆமா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. குரலை உயர்த்தவில்லை. "எழுந்து போ" என்றார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

தப்புப் பண்ணினது ஒரு நாள். மறைச்சு வெச்சது நாலு மாசம். ஐயோ, அவங்க அங்க தனியா உக்காந்து அத்தனையையும் தன் தலையில போட்டுக்கிட்டு இருந்திருக்காங்களே! நான் தினமும் ஆபீஸ் போயிட்டு வந்து சாப்பிட்டுட்டு இருந்தேனே!

மார்ச் 21, வெள்ளி

குறிப்பை அவரே வைத்துக்கொண்டார். நல்லது.

மார்ச் 28, வெள்ளி

முதலாளியிடம் சொன்னேன், டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று. "உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று கத்தினார். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் எங்கே போய் என்ன செய்வாரோ என்று அவருக்கு நடுக்கம். எனக்கு அந்த நடுக்கம் இல்லை. எங்கே கூப்பிட்டாலும் போய், ஆமாம் நான்தான் என்று சொல்வேன்.

கையேட்டு வேலை இனி எனக்கு இல்லை. திங்கள் முதல் தொலைபேசி மேஜை. ஆனால் அந்த வரி அச்சுக்குப் போகிறது. "இனிமே அதை மறைச்சு என்ன பிரயோஜனம்" என்று அவரே போடச் சொல்லிவிட்டார். தென்னை மரத்தின் அடிப்பாகம் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

யார் எந்தக் கடற்கரையைக் கேட்டாலும் முதலில் மாதத்தைக் கேட்கிறேன். எதிர்முனையில் இருப்பவர்களுக்கு எரிச்சல். போகட்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று டீச்சர் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி அறைக்குள்ளேயே இருந்துகொண்டார். டீச்சர் நேரே என் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, பையிலிருந்து அந்தக் கையேட்டை எடுத்து வைத்தார். கூடவே என் பென்சிலையும்.

மெலிந்திருக்கிறார். ஆனால் தலை வாரியிருந்தார்.

"பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன்" என்றார். "நான் சொன்னதையும், நீ சொன்னதையும்." அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

கையேட்டைப் பிரித்துக் காட்டினார். சார் போட்ட டிக்குகள். போய்ப் பார்த்தவற்றுக்கு மேல் இன்னொரு கோடு இழுத்திருக்கிறார். வடக்குக் கடற்கரையை விட்டால் மூன்று இடங்களில் அந்தக் கோடு இல்லை. அருங்காட்சியகம், கலங்கரை விளக்கம், மாலை நடனம்.

"மே மாசம் பொண்ணும் நானும் போறோம். இந்த மூணையும் பாத்துட்டு வரணும். இந்தப் புஸ்தகத்தை நம்பிப் போக மாட்டேன். நீ கண்ணால பாத்ததை மட்டும் எழுதிக் குடு."

"டீச்சர், என்னையா எழுதச் சொல்றீங்க?"

"போயிட்டு வந்தவ நீதானே? எழுது."

வெள்ளைத்தாள் எடுத்து அவர் பென்சிலாலேயே எழுதினேன். இல்லை, என் பென்சில். அருங்காட்சியகம் ஒரே அறை, கால் மணி நேரம் போதும், காற்று வராது, விசிறி கொண்டுபோகவும். மாலுமிப் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லவும். கலங்கரை விளக்கம் எண்பத்தேழு படி, இரண்டு முறை எண்ணினேன், நடுவில் உட்கார இடம் இல்லை. நடனம் ஆடுகிறவர்கள் பகல் முழுக்க விடுதியில் வேலை செய்தவர்கள், முடியும்வரை இருக்கவும். வடக்குக் கடற்கரை மே மாதத்தில் அமைதியாக இருக்கும் என்கிறார்கள், நான் மார்ச்சில் மட்டுமே பார்த்தேன், இறங்கவில்லை. மரத்தடியில் இருக்கும் லைஃப் கார்டு சொல்வதே முடிவு.

டீச்சர் வாங்கிப் படித்தார். விரல் வைத்து, இரண்டு முறை. பிறகு தாளை என் பக்கமே திருப்பி வைத்தார்.

"அந்தப் புஸ்தகத்தைக் குப்புறப் போட்டுத் தேடிட்டேன். எழுதினவங்க பேரு எங்கேயும் இல்லை. இதுல போடு. அந்த லைஃப் கார்டுகிட்டயும் காட்டப் போறேன்."

முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பென்சிலை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.